பாகம் பிரிக்காத தோட்டம்: போர்டோவின் பார்ட்டன் குடும்பம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிரான்சில் சில ஒயின் தோட்டங்கள் இருநூறு வருஷமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன என்கிறார்கள். புரட்சி, இரண்டு உலகப் போர், வாரிசு வரி எல்லாவற்றையும் தாண்டி இது எப்படி முடிந்தது? ஏதாவது ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல முடியுமா?"

முடியும். இந்தக் கேள்விக்கு எல்லோரும் ரோத்ஷில்டு குடும்பத்தைத்தான் எடுப்பார்கள். கையில் வங்கி வைத்திருந்தவர்கள் தோட்டத்தைக் காப்பாற்றியதில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. நான் பார்ட்டன் குடும்பத்தைச் சொல்கிறேன். போர்டோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில் சேன் ஜூலியேன் என்ற ஊரில் லாங்கோவா பார்ட்டன், லெயோவில் பார்ட்டன் என்று இரண்டு தோட்டங்கள் அவர்களுடையவை. முதலாவதை வாங்கியது 1821இல், இரண்டாவதை 1826இல். இன்றும் அவர்களிடமே இருக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பூர்விகத்தில் பிரெஞ்சுக்காரர்களே அல்ல, அயர்லாந்துக்காரர்கள்.

கதைக்குள் போகும் முன் ஒன்று. போர், பூச்சி, வரி எல்லாவற்றையும்விட ஒரு பிரெஞ்சுத் தோட்டத்துக்குப் பெரிய எதிரி நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான்: பாகப்பிரிவினை. 1804இல் வந்த நெப்போலியன் சிவில் சட்டம் பிள்ளைகளுக்குச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. மூத்தவனுக்கே எல்லாம் என்ற பழைய பிரபுக்களின் வழக்கம் போயிற்று. ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்து, இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. உயில் எழுதியும் அதைத் தட்டிப் பறிக்க முடியாது. நியாயமான சட்டம்தான். ஆனால் நிலத்துக்கு அது கத்தரிக்கோல். பர்கண்டி பகுதியில் க்ளோ த வூஜோ என்று சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் முழுவதும் துறவிகளுக்குச் சொந்தம். மொத்தமே 50 ஹெக்டேர்தான். இன்று அதற்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். சிலருக்கு அதில் சில வரிசைக் கொடிகள்தான் இருக்கும்.

இனி பார்ட்டன் கதை. தாமஸ் பார்ட்டன் 1695இல் பிறந்தவர். 1720களின் தொடக்கத்தில் போர்டோவுக்கு வந்து, 1725இல் சொந்தமாக ஒயின் ஏற்றுமதி வியாபாரம் தொடங்கினார். அப்போது அயர்லாந்திலிருந்து நிறையப் பேர் அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். லின்ச், கிர்வன், ஃபீலன் என்ற பெயர்களை இன்றும் மெதோக் பாட்டில்களில் பார்க்கலாம், எல்லாம் அந்த வழி வந்தவை. இவர்கள் நகர மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் ஷார்த்ரோன் என்ற பகுதியில் கிடங்கு போட்டார்கள். தோட்டக்காரரிடம் பீப்பாய் பீப்பாயாக ஒயின் வாங்குவது, நிலவறையில் வைத்து முதிரவிடுவது, கப்பலேற்றுவது. காசு அதில்தான் இருந்தது, கொடியில் இல்லை. தாமஸ் அதில் கொழித்தார். அயர்லாந்தில் அவரை "பிரெஞ்சு டாம்" என்று அழைத்தார்கள்.

அவ்வளவு பணம் வைத்திருந்தவர் மெதோக்கில் ஒரு தோட்டம் வாங்கவில்லை. சேன் எஸ்தேஃப் பக்கம் லெ போஸ்க் என்ற தோட்டத்தைக் குத்தகைக்கு மட்டும் எடுத்தார். காரணம் சட்டம். பிரான்சில் அந்நியர் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து அரசனுக்குப் போகும். அதற்கு 'த்ருவா தோபேன்' என்று பெயர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை மன்னரின் கஜானாவுக்கு எழுதிவைக்க எந்த வியாபாரி சம்மதிப்பான்? அதனால் சம்பாதிப்பது போர்டோவில், நிலம் வாங்குவது அயர்லாந்தில் என்று வைத்துக்கொண்டார். டிப்பரரி மாவட்டத்தில் க்ரோவ் என்ற பண்ணையை வாங்கினார். இந்த இரட்டை வாழ்க்கையை நினைவில் வையுங்கள். ஒரு கால் போர்டோவில், ஒரு கால் அயர்லாந்தில். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது இதுதான் என்பது என் கருத்து.

தாமஸுக்கும் அவருடைய மகன் வில்லியமுக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பன் மகன் சண்டை எந்த ஊரிலும் இருப்பதுதான். தாமஸ் 1780இல் இறந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு வியாபாரத்தை உண்மையில் கையில் எடுத்தவர் பேரன் ஹ்யூ பார்ட்டன், அப்போது அவருக்கு இருபதையொட்டிய வயது. நல்ல தருணம் பார்த்து வந்தார் என்று சொல்ல முடியாது. மூன்றே வருஷத்தில் புரட்சி வெடித்தது. 1793இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் போர்டோவில் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஹ்யூவும் சிறை போனார். வெளியே வந்தபின் நாட்டைவிட்டே கிளம்பினார். அந்நியர் சொத்தெல்லாம் பறிமுதலாகும் காலம்.

இங்கேதான் தானியேல் கெஸ்தியே வருகிறார். ஹ்யூவின் நம்பிக்கைக்குரிய பிரெஞ்சுக்காரர், கப்பல் முதலாளி. போர்டோவில் வாங்குவதை அவர் பார்த்துக்கொள்ள, அயர்லாந்திலும் பிரிட்டனிலும் விற்பதை ஹ்யூ பார்த்துக்கொண்டார். பிரான்சும் பிரிட்டனும் பீரங்கியால் பேசிக்கொண்டிருந்த வருஷங்களில் இந்த வியாபாரம் நடந்தது. ஒருவர் ஏமாற்ற நினைத்திருந்தால் இன்னொருவர் வழக்குப் போடக்கூட வழியில்லை. 1802இல் கொஞ்ச காலம் சமாதானம் வந்தபோதுதான் பார்ட்டன் அண்ட் கெஸ்தியே என்று முறையான கூட்டு நிறுவனம் ஆனது.

அந்நியர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும் அந்தப் பழைய சட்டத்தின் மிச்சசொச்சத்தை பிரான்ஸ் 1819இல் ஒழித்துக்கட்டியது. 1821இல் ஹ்யூ சேன் ஜூலியேனில் பொந்தே-லாங்லுவா என்ற தோட்டத்தை வாங்கினார். அதுதான் இன்றைய லாங்கோவா. தாத்தா ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊருக்கு வந்து இறங்கினார். குடும்பத்துக்கு அங்கே சொந்த மண் கிடைக்கப் பேரனுக்கும் வயதாகிவிட்டது. ஹ்யூவுக்கு அப்போது 55.

ஆனால் லாங்கோவாவில் கொடி இருந்தது, பெயர் இல்லை. பெயர் பக்கத்துத் தோட்டத்துக்கு இருந்தது: லெயோவில்.

லெயோவிலின் கதை பாகப்பிரிவினைக்குப் பாடம் எடுக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் உருவான பெரிய தோட்டம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்த்ர் த காஸ்க் என்ற போர்டோ நீதிமன்றத் தலைவரிடம் இருந்தது. லெயோவில் பிரபு என்பது அவருடைய பட்டம். தோட்டத்துக்குப் பெயர் வந்ததும் அதிலிருந்துதான். 1769இல் அவர் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து உறவினர் நான்கு பேருக்குப் போனது. புரட்சியின்போது அவர்களில் லாஸ் காஸ் மார்க்கீ என்ற பிரபு நாட்டைவிட்டு ஓடினார். ஓடிப்போன பிரபுக்களின் சொத்தைப் புரட்சி அரசு தேசியச் சொத்து என்று அறிவித்து விற்றுவிடும். குடும்பத்தின் மற்றவர்கள் ஓடாமல் ஊரிலேயே இருந்ததால் தோட்டம் முழுவதும் போகவில்லை. கால் பங்கு மட்டும் வெளியார் கைக்குப் போனது. அந்தக் கால் பங்குதான் 1826இல் ஹ்யூவிடம் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்ததும் 1840 வாக்கில் அண்ணனுக்கும் தங்கைக்கும் என்று மறுபடி பிரிந்தது. தங்கை வழிப் பங்கு கல்யாண உறவால் புவாஃபெரே குடும்பத்தின் பெயரைப் பெற்றது. ஆக இன்று லெயோவில் மூன்று: லாஸ் காஸ், புவாஃபெரே, பார்ட்டன். பெரியது லாஸ் காஸ், சிறியது பார்ட்டன். மூன்றில் பழைய ஆளிடமே இருப்பது அந்தக் கடைசிதான். மற்ற இரண்டும் இப்போது வேறு குடும்பங்களிடம் இருக்கின்றன.

ஹ்யூ வாங்கியது கொடிகளை மட்டும். லெயோவிலின் பழைய மாளிகையும் தொழுவமும் ஒயின் கூடமும் மற்ற பங்காளிகளிடம் போயிருந்தன. பறித்த திராட்சையை எங்கே கொண்டுபோவது? நேராக லாங்கோவாவுக்குத்தான். அன்று தொடங்கி இன்றுவரை லெயோவில் பார்ட்டன் என்ற ஒயினுக்குச் சொந்த வீடு கிடையாது. 1758இல் கட்டிய லாங்கோவா மாளிகையின் வளாகத்தில்தான் இரண்டும் தயாராகின்றன. 'ஷாத்தோ', அதாவது மாளிகை, என்று பாட்டிலில் எழுதிவிட்டால் பின்னால் கோபுரமும் கொத்தளமும் இருக்கும் என்று நினைக்கிறோம் அல்லவா, இங்கே வீடே இல்லாத ஒரு ஷாத்தோ பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.

அந்தக் கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். திராட்சை வந்து இறங்கியதும் லெயோவில் காய் ஒரு பக்கம், லாங்கோவா காய் ஒரு பக்கம், கலக்கவே மாட்டார்கள். பெரிய மரத்தொட்டிகளில் தோலோடு சேர்ந்து புளிக்கும். புளித்து முடிந்ததும் 225 லிட்டர் கருவாலி மரப் பீப்பாய்களுக்கு மாறும். ஒரு பீப்பாய் என்பது சரியாக 300 பாட்டில். ஒன்றரை வருஷம் அளவுக்கு அதில் கிடக்கும். அடியில் மண்டி தங்கத் தங்க, தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு இறுத்துவார்கள். கடைசியில் தெளியவைக்க மெதோக்கின் பழைய முறை முட்டை வெள்ளைக்கரு. ஒரு பீப்பாய்க்கு நாலைந்து முட்டை உடைத்து, வெள்ளையை மட்டும் லேசாக அடித்து ஊற்றினால், மிதக்கும் கசண்டையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். மீந்த மஞ்சள் கருவைக் கொண்டுதான் போர்டோவின் கனெலே என்ற இனிப்பு பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கதையாகக்கூட இருக்கலாம், ஆனால் கனெலே நன்றாக இருக்கும்.

ஒரே ஆட்கள், ஒரே கூரை, ஒரே பக்குவம். ஆனாலும் இரண்டு ஒயினுக்கும் விலை வேறு, மதிப்பு வேறு. 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக போர்டோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னார். தரகர்கள் யாரும் புதிதாக ருசி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எது பல வருஷமாக என்ன விலைக்குப் போகிறது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஐந்து படிகளாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லெயோவில் பார்ட்டன் இரண்டாம் படி, லாங்கோவா மூன்றாம் படி. ஹ்யூ இதைப் பார்க்கவில்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். 170 ஆண்டுகளாக அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட மாறவே இல்லை. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டை இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏற்றினார்கள், அவ்வளவுதான் பெரிய மாற்றம். அன்று பட்டியலில் இருந்த சொந்தக்காரரின் வாரிசுகளே இன்றும் வைத்திருக்கும் தோட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி மெதோக் முழுவதற்கும் கெட்ட காலம். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸீரா என்ற பூச்சி வேரைத் தின்றது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். அது ஆறுவதற்குள் அடிச்சாம்பல் நோய். இதற்கு மருந்து பிடிபட்டது இதே சேன் ஜூலியேனில் என்பது தேனி, கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயிகளுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள். 1882இல் மில்யார்தே என்ற போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் அந்தப் பக்கம் நடந்துபோனார். தோட்டமெல்லாம் இலை கருகிக் கிடக்க, சாலையோர வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்திருந்தார்கள். பார்க்க நீலமாக, விஷம்போல் இருக்கும் அல்லவா. திருடனை விரட்ட அடித்தது நோயை விரட்டியது. நம் விவசாயிகள் இன்றும் கரைத்து அடிக்கும் போர்டோ கலவை அதுதான்.

சரி, பாகப்பிரிவினைக்கு வருவோம். பிரான்சில் இருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர் எந்த நாட்டவராக இருந்தாலும் 2015 வரை பிரெஞ்சு வாரிசுச் சட்டமே செல்லுபடியானது. அப்படியிருந்தும் பார்ட்டன் தோட்டம் ஏன் உடையவில்லை? பிரித்துக் கொடுக்க அவர்களிடம் வேறு சொத்து இருந்தது. ஹ்யூ 1831இல் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் ஸ்ட்ராஃபன் என்ற பெரிய பண்ணையை வாங்கி மாளிகை கட்டினார். அதன்பின் குடும்பத்தின் ஒரு காலாக அது இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் டெரிக், ரொனால்டு என்று இரண்டு சகோதரர்கள். ஒருவருக்கு ஸ்ட்ராஃபன் முழுதாக, இன்னொருவருக்கு சேன் ஜூலியேன் தோட்டங்கள் முழுதாக. எதையும் நடுவில் வெட்டவில்லை. நம்மூரில் வயலை ஒருத்தனுக்கும் வீட்டை ஒருத்தனுக்கும் எழுதிவைக்கும் பெரியவர்கள் உண்டே, அந்தக் கணக்குதான். ஸ்ட்ராஃபனைக் கடைசியில் 1949இல் விற்றுவிட்டார்கள். இன்று அது கே கிளப் என்ற கோல்ஃப் ஓட்டல். 2006இல் ரைடர் கோப்பை அங்கேதான் நடந்தது. இரண்டில் ஒன்று போனது, மற்றது நின்றது.

ரொனால்டு 1920களில் லாங்கோவாவுக்கு வந்தவர். 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது கப்பலேறித் தப்பினார். போர் முடியும்வரை பிரிட்டன் பக்கம் பணியாற்றினார். எதிரி நாட்டவரின் சொத்து என்று ஜெர்மானியர்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும் கெஸ்தியே குடும்பம்தான் நடுவில் வந்து நின்றது. பார்ட்டன்கள் ஆங்கிலேயர் அல்லர், ஐரிஷ்காரர்கள், அயர்லாந்து இந்தப் போரில் நடுநிலை நாடு என்று வாதாடினார்கள். ஜெர்மானியர்கள் மாளிகையில் தங்கினார்களே தவிர, தோட்டத்தைப் பறிக்கவில்லை. 1793இல் ஹ்யூவைச் சிறைக்கு அனுப்பிய அதே பிறப்பு, 1940இல் அவருடைய வாரிசின் நிலத்தைக் காத்தது. ரொனால்டு மட்டும் அந்நேரம் பிரிட்டிஷ் ராணுவ உடையில் இருந்தார். அது ஜெர்மானியர் காதுக்கு எட்டாமல் போனது அதிர்ஷ்டம்.

திரும்பி வந்தபோது கொடிகள் கிழடுதட்டிக் கிடந்தன. ரொனால்டுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன், 1930இல் பிறந்த ஆந்தனி, 1951இல் போர்டோவுக்கு வந்தார். வந்தவுடன் தோட்டம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பார்ட்டன் அண்ட் கெஸ்தியேயில் வேலை பார்த்தார், பிறகு 1960களின் இறுதியில் சொந்தமாக ஒரு ஒயின் வியாபாரம் தொடங்கினார். தோட்டம் அப்போது செலவு வைத்ததே தவிர வரவு வைக்கவில்லை. 1956 பிப்ரவரியில் போர்டோ முழுக்கக் கொடிகள் குளிரில் செத்தன. 1973-74இல் விலை சரிந்து பல பெரிய பெயர்கள் ஆட்டம் கண்டன. சித்தப்பா பொறுப்பை ஒப்படைத்தபோது 1983, ஆந்தனிக்கு வயது 53. முப்பது வருஷம் காத்திருந்த வாரிசு.

காத்திருந்தவர் வந்ததும் மளமளவென்று வேலை நடந்தது. கொடிகளை மாற்றி நட்டார், கூடத்தைச் சீர்செய்தார், தேர்ந்து எடுக்கும் கண்டிப்பைக் கூட்டினார். ஒயின் உயர்ந்தது. ஆனால் அவரைப் பற்றி ஒயின் உலகம் அதிகம் பேசியது விலையை. 1982க்குப் பிறகு போர்டோவில் நல்ல வருஷம் என்றாலே பக்கத்துத் தோட்டக்காரர்கள் விலையை ஏணி வைத்து ஏற்றினார்கள். ஆந்தனி ஏற்றவில்லை என்று சொல்ல மாட்டேன், மற்றவர்களைவிட மெதுவாக ஏற்றினார். வியாபாரியாக முப்பது வருஷம் இருந்தவருக்கு, வாங்குகிறவனுக்கும் நாலு காசு மிஞ்ச வேண்டும் என்று தெரியும். விலை குறைவு என்பதாலேயே சிலர் லெயோவில் பார்ட்டனை மட்டமாக எடைபோட்டார்கள். 2007இல் டிகாண்டர் என்ற ஒயின் இதழ் அவரை ஆண்டின் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜனவரியில், 91 வயதில் இறந்தார்.

இப்படிக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று புரிய ஈக்கெம் தோட்டத்தைப் பாருங்கள். உலகின் மிகப் பெயர்பெற்ற இனிப்பு ஒயின். 1785 முதல் லூர்-சாலூஸ் குடும்பத்திடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பங்குகள் பிரிந்து பிரிந்து, தோட்டத்தை நடத்தியவர் கையில் சிறு பங்கும், தோட்டத்தில் கால்வைக்காதவர்கள் கையில் பெரும் பங்கும் சேர்ந்தன. உள்ளே இருப்பவருக்கு ஒயின் முக்கியம், வெளியே இருப்பவர்களுக்கு ரொக்கம். 1996இல் உறவினர்கள் பெரும்பான்மைப் பங்கை எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்துக்கு விற்றார்கள். நடத்திவந்த அலெக்சாந்த்ர் த லூர்-சாலூஸ் வழக்காடிப் பார்த்து 1999இல் சமரசத்துக்கு வந்தார். இருநூற்றுச் சொச்ச ஆண்டுக் கதை அதோடு முடிந்தது.

வரியும் சும்மா விடாது. சேன் ஜூலியேனில் இப்போது ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல். லெயோவில் பார்ட்டன் மட்டும் 50 ஹெக்டேர் அளவு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போனாலே உச்சப் படியில் 45 விழுக்காடு வாரிசு வரி. நிலத்தின் மதிப்பு ஏற ஏற, விவசாயம் செய்து அந்த வரியைக் கட்ட முடியாத நிலை. 2003இல் வந்த துத்ரே சட்டப்படி, குறிப்பிட்ட காலம் விற்காமல் தாங்களே நடத்துவோம் என்று ஒப்பந்தம் செய்தால் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு வரி இல்லை. அது இல்லாவிட்டால் இன்னும் பல தோட்டங்கள் காப்பீட்டு நிறுவனங்களிடம் போயிருக்கும்.

இப்போது பொறுப்பில் இருப்பவர் ஆந்தனியின் மகள் லிலியான் பார்ட்டன். 2011இல் பக்கத்து மூலி பகுதியில் மோவெசேன் என்ற தோட்டத்தையும் குடும்பம் வாங்கி, மோவெசேன் பார்ட்டன் என்று பெயர் மாற்றியது. லிலியானுக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவரும் தோட்ட வேலையில் இறங்கிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள், இப்போது மூன்று தோட்டங்கள். ஹ்யூ ஸ்ட்ராஃபன் வாங்கியதை நினைத்துக்கொண்டேன்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கடி கேட்கிறார்கள். விமான நிலையக் கடையிலோ ஓட்டலிலோ பார்ட்டன் அண்ட் கெஸ்தியே, சுருக்கமாக பி அண்ட் ஜி, என்று போட்ட பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். 1725இல் தாமஸ் தொடங்கிய வியாபாரத்தின் வழிவந்த நிறுவனம் அதுதான். ஆனால் 1950களில் பாதியை சீக்ராம் என்ற மது நிறுவனம் வாங்கியது, பிறகு முழுவதும் கைமாறி இப்போது காஸ்டெல் என்ற ஒயின் குழுமத்திடம் இருக்கிறது. குடும்பத்துக்கும் அந்த பாட்டிலுக்கும் இன்று சம்பந்தமில்லை. பார்ட்டன்களின் ஒயின்தான் வேண்டும் என்றால் லேபிளில் லெயோவில் பார்ட்டன், லாங்கோவா பார்ட்டன், மோவெசேன் பார்ட்டன் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.